தறிக்கூடத்தில் ஒரு டார்க் ரூம்

வீட்டில் டார்க் ரூம், அதாவது பிலிம் கழுவிப் பிரிண்ட் எடுக்கும் இருட்டறை, போடப் போகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் கேட்டது, வெளிச்சத்தை எப்படி அடைப்பாய் என்றுதான். நானும் அதுதான் பெரிய வேலை என்று நினைத்து இரண்டு மாதம் அதிலேயே கழித்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது யாராவது கேட்டால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறேன்: எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு, எத்தனை குடம். சேலத்தில் இந்த மூன்றுக்கும் வழி பண்ணிவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டுவிடும்.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். அப்பா நெசவு செய்தவர். முன்கூடத்தில், காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி இருந்தது. அதைப் பிரித்துக் கொடுத்த பிறகு அந்தக் கூடம் நாலைந்து வருடம் பழைய மூட்டை போடும் இடமாகக் கிடந்தது, குழி மட்டும் அப்படியே இருந்தது. அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். “எடுத்துக்க, குழியை மட்டும் மண்ணு போட்டு மூடிராதே” என்றார் அப்பா. சரி என்று கடப்பாக்கல் பலகை வாங்கி மேலே போட்டு, ஒரு பலகையை மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி விட்டேன். அந்தக் குழி எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்பது அப்போது தெரியாது.

தறிக்கூடம் என்பது வெளிச்சம் வரவேண்டும் என்றே கட்டினது. இழை அறுந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவேண்டும் இல்லையா. ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, தெருப்பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னல், அப்புறம் ஓடுகளுக்கு இடையிலேயே ஊசி ஊசியாக வெயில். முதலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். ஒரே மாதத்தில் சூட்டில் சுருண்டு பிய்ந்துவிட்டது, பிய்யாத இடத்திலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொடிப்பொடியாக ஓட்டை. கடைசியில் ஓட்டுக்குக் கீழே சுவருக்குச் சுவர் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, ஜன்னலுக்கு ரீப்பர் சட்டம் அடித்து ரெக்சினை இரண்டு மடிப்பாகத் தைத்தேன். கதவுக்கு உள்ளே பவானி ஜமுக்காளம் ஒன்றை இரட்டையாகத் தொங்கவிட்டேன், அது தரையில் ஒரு சாண் புரள வேண்டும், கதவின் அடியிலிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

சோதிக்கிற முறை இதுதான். நல்ல வெயில் அடிக்கும் மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லா அறையும் இருட்டாகத்தான் தெரியும், கண் பழகப் பழகத்தான் ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்கு நேரே ஆட்டிப் பாருங்கள். தாள் தெரிந்தால் அந்த அறையில் பிலிமை வெளியே எடுக்கக் கூடாது. ஸ்டெபிலைசரில் எரியும் சின்ன விளக்கு, செல்போன், கைக்கடிகார முள், கொசுவிரட்டி மெஷின் இதெல்லாமும் வெளிச்சம்தான். ராத்திரியில் மட்டும் வேலை செய்வதாக இருந்தால் இந்தச் சிரமத்தில் பாதி குறையும். தெருவிளக்குக்கு மட்டும் அடைத்தால் போதும்.

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் கிடைத்தது ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோக்காரரிடம். நாற்பது வருடம் ஸ்டுடியோ நடத்தி, டிஜிட்டல் வந்த பிறகு கடையைக் கொடுத்துவிட்டவர். பரணில் துணி சுற்றி வைத்திருந்தார், நாலாயிரம் ரூபாய்க்குத் தந்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஓரமாகக் கொஞ்சம் பூஞ்சை, படத்தில் தெரியவில்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸிலிருந்து வந்த ‘இந்து’ போட்டோ பேப்பரில்தான் அவர் கல்யாண ஆல்பங்கள் போட்டிருக்கிறார். காலி அட்டைப் பெட்டி ஒன்றை இன்னும் வைத்திருந்தார். என் தார்ப்பாய் வேலையைப் பெருமையாகச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருட்டு ராத்திரி ஆனா தானா வந்துரும் கண்ணு. தண்ணி தானா குளிராது” என்றார். அந்த வார்த்தையின் அர்த்தம் முதல் ரோலில் புரிந்தது.

ஏப்ரல் மாதம். தெர்மாமீட்டர் வாங்கவில்லை. மொட்டைமாடி டேங்கில் இருந்து வந்த தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிம், படத்தை வரவைக்கும் டி-76 டெவலப்பர் நீர் சேர்க்காமல், அட்டவணையில் போட்டிருந்தபடி ஏழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடம் 20 டிகிரிக்குச் சொன்னது. பிறகு அளந்தபோது அந்தத் தண்ணீர் 33 டிகிரி. அந்தச் சூட்டில் இரண்டரை நிமிடத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. நெகட்டிவ் தார் பூசினதுபோல வெளியே வந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிவதற்காக இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வழித்தேன். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு சூட்டில் ஊறிப் பருத்து மெத்தென்று ஆகியிருந்தது, நாலாவது படத்தில் இருந்து ஆறாவது படம் வரை ஆடை மாதிரி உரிந்து விரலோடு வந்துவிட்டது. அது தறியைப் பிரிப்பதற்கு முன்பு நான் எடுத்த படங்களில் ஒரு ரோல். இன்னொரு ரோல் கழுவாமல் மீதி இருந்தது. அதைத் தொட எனக்கு எட்டு மாதம் ஆனது.

இங்கேதான் நிதானமாகச் சொல்லவேண்டும். புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்கின்றன. அது குளிர்ந்த ஊருக்குச் சரி. சேலத்தில் கோடையில் 20க்குக் கொண்டுவர ஐஸ் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், கொண்டுவந்தாலும் பத்து நிமிடம் நிற்காது. நான் 24ஐப் பிடித்துக்கொண்டேன். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஹைபோ, கழுவும் தண்ணீர், நாலும் 24. டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு ஹைபோவையும் தண்ணீரையும் 34இல் விட்டால், பிலிமின் ஜெலட்டின் திடீரென்று விரிந்து தளரும், லேசாக நகம் பட்டாலும் கீறும். நாலும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் இருப்பது, சரியாக எந்த டிகிரி என்பதைவிட முக்கியம். இன்னொன்று, சூடு ஏற ஏற நேரம் குறையும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதிலும் வடிப்பதிலும் உள்ள சில நொடி வித்தியாசமே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து பயன்படுத்துகிறேன். எச்பி5க்கு அப்போது 20 டிகிரியில் 11 நிமிடம், 24இல் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அது வசதியான நேரம். கலந்ததை ஒரு தடவையோடு கொட்டிவிட வேண்டும்.

சரி, 24க்கு எப்படி வருவது? ஸ்டுடியோக்காரர் சொன்ன வழி மண்பானை. பெரிய பானையில் தண்ணீர் பிடித்து, ஈரச்சாக்கு சுற்றி, காற்று படுகிற இடத்தில் மணல்மேல் ராத்திரி வைத்துவிட்டால், மே மாதத்திலும் விடியற்காலையில் 26க்கு வந்துவிடுகிறது. பிறகு ஒரு பாட்டில் ஐஸைத் தொட்டியில் போட்டு அதற்குள் மற்ற பாட்டில்களை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் 24. ஐஸை நேராக டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை மாறிவிடும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது பானை இந்த வேலையைச் செய்யாது, ஆனால் அப்போது குழாய்த் தண்ணீரே இறங்கி வந்திருக்கும். தெர்மாமீட்டர் லேப் சாமான் கடையில் கிடைக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சலுக்கு வைப்பது உதவாது, அதில் 35க்குக் கீழே அளவே இல்லை.

குழி இதில்தான் உதவியது. கூடத்தில் 34 இருக்கும் மதியத்தில் குழிக்குள் 28, 29க்கு மேல் ஏறுவதில்லை. டெவலப்பர் பாட்டில்கள், பேப்பர் பெட்டி எல்லாம் பலகையைத் தூக்கி அங்கே இறக்கிவிடுகிறேன். பேப்பரைப் பாலிதீனில் இறுகக் கட்டித்தான் வைக்கவேண்டும், குழியில் ஈரம் இருக்கும். ஒரு எச்சரிக்கை. அமிலம் சேர்ந்த ஹைபோவைக் குழிக்குள் வைத்துக் கலக்கவோ திறந்து வைக்கவோ கூடாது. அதிலிருந்து வரும் கந்தக வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், குனிந்தவுடன் மூச்சை அடைக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் அதனால்தான் சுவரில் தாழ்வாகப் பொருத்தினேன், உள்ளே கறுப்பு அடித்த தகரக் குழாயை இரண்டு திருப்பம் திருப்பினால் காற்று போகும், வெளிச்சம் வராது.

அடுத்து உப்பு. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் சரியாக இருக்கும். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர். நகரத்தை ஒட்டியே மாக்னசைட் கனிமம் உள்ள குன்றுகள் இருக்கும் ஊர் இது, எங்கள் தெருப் போர் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும். அதே திட்டு நெகட்டிவில் விழுந்தால் பிரிண்டில் ஒவ்வொரு வானத்திலும் தெரியும். அதனால் டெவலப்பர் கலக்க ஆர்ஓ தண்ணீர், கடைசியாக அலச ஆர்ஓ தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று சொட்டு. நடுவில் உள்ளதெல்லாம் போர் தண்ணீராக இருந்தாலும் பாதகமில்லை. விரலால் வழிப்பதை விட்டுவிட்டேன். அப்படியே துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு, கீழேயும் ஒரு கிளிப் கனத்துக்கு மாட்டி, தொடாமல் விட்டுவிடுவதுதான் நல்லது.

எத்தனை குடம் என்பதற்கு இல்ஃபோர்டு சொல்லும் ஒரு முறை இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் ஓடவிட வேண்டியதில்லை. பிலிம் கழுவும் சின்ன டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து தடவை, மறுபடி நிரப்பி இருபது தடவை. ஒரு ரோல் டேங்க் என்றால் ஒரு லிட்டருக்குள் முடிகிறது. பிரிண்டுக்கு பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பர் என்றால் இரண்டு நிமிடம் அலசினால் போதும், அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பர் தண்ணீரைக் குடிக்கும். அதை நான் மழைக்காலத்தில் மட்டும் எடுக்கிறேன்.

பிலிமை டேங்குக்குள் போகும் ரீலில் ஏற்றுவதிலும் வெயில் குறுக்கே வரும். அடைத்த அறையில் ஐந்து நிமிடத்தில் கை வியர்க்கும், பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் மாட்டிக்கொண்டு நகராது. இருட்டில் அதை இழுத்துக்கொண்டு நிற்கிற பதற்றம் இருக்கிறதே, அது வேண்டாம். விடியற்காலை நாலரை ஐந்து மணிக்கு ஏற்றுங்கள், ரீலை முந்தைய நாளே வெயிலில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள். வீணான ரோல் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை பழகிய பிறகு நல்ல பிலிமைத் தொடுங்கள்.

மருந்துகளை இப்போது நானே எடை போட்டுக் கலக்கிறேன். டி-76 ஏறக்குறைய நூறு வருடமாகப் புழங்கும் கலவை: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. முக்கால் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கரைத்து, கடைசியில் ஒரு லிட்டராக்க வேண்டும். சல்ஃபைட்டை முழுக்கப் போட்டுவிட்டால் மெட்டால் கரையாது, அதனால் ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் முன்னால் போட்டுவிட்டு மெட்டாலைப் போடுங்கள். போராக்ஸ் என்பது நம் வெங்காரம்தான், வெள்ளிப் பட்டறைகளில் பற்றவைக்கப் பயன்படுத்துவது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பொரித்ததா பொரிக்காததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்ததில் நீர் போயிருக்கும், 2 கிராம் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஹைபோவில் லிட்டருக்கு 15 கிராம் படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுக வைக்கிற பழைய முறை ஒன்று உண்டு, கூடவே சல்ஃபைட், அசிட்டிக் அமிலம், போரிக் அமிலம் அளவோடு சேரவேண்டும், வெறும் படிகாரத்தை மட்டும் போட்டால் கலங்கிவிடும். மே மாதத்துக்கு அதைக் கலந்து வைத்துக்கொள்கிறேன். ஸ்டாப் பாத்துக்கு மளிகைக்கடை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. ஆனால் கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் வகை, வினிகர் சிந்தினால் வெளுத்து அரிக்கும், மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிடுங்கள்.

மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும், இன்று இல்லாதது நாளைக்கு வரலாம், கையுறை இல்லாமல் டிரேயில் கை விடாதீர்கள். தூள் எடை போடும்போது முகக்கவசம். சமையல் கரண்டி, டம்ளர் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. பாட்டில்களில் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பிரிண்ட் போட ஆரம்பித்ததும் இரண்டு பிரச்சினை. ஒன்று வோல்டேஜ். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் என்லார்ஜர் பல்பு லேசாக மங்கும். மூன்று மணிக்குப் பன்னிரண்டு நொடியில் வந்த பிரிண்ட் ஏழு மணிக்கு அதே பன்னிரண்டு நொடியில் வெளிறிப் போகும். என்லார்ஜருக்கென்று தனியாக ஒரு ஸ்டெபிலைசர் போட்ட பிறகு அது நின்றது. இன்னொன்றைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. பிரிண்டுகள் கூர்மையாகவே வரவில்லை. லென்ஸைத் துடைத்தேன், ஃபோகஸை மறுபடி மறுபடி பார்த்தேன், நெகட்டிவை பூதக்கண்ணாடியில் பார்த்தால் கூர்மையாக இருக்கிறது. ஒருநாள் என்லார்ஜரின் அடிப்பலகையான பேஸ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தேன். அதன் மேல்பரப்பு சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு விசைத்தறி! சத்தம் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகினது, அதனால் அது தரையை அசைக்கிறது என்று தோன்றவே இல்லை. பழைய ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து, அதன்மேல் கனமான பலகை போட்டு என்லார்ஜரை நிறுத்தினேன், முக்கால்வாசி சரியாயிற்று. மீதிக்கு அவர்கள் தறியை நிறுத்தின பிறகு ராத்திரி வேலை. உங்கள் வீட்டுப் பக்கம் தறியோ மாவு மில்லோ பெரிய சாலையோ இருந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

பிரிண்ட் போடும்போது எரியவிடும் சிவப்பு விளக்கையும் நம்பிவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயம் பூசின ஜீரோ வாட் பல்பில் சாயம் மெலிந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் கசியும். ஒரு துண்டு போட்டோ பேப்பரின் மேல் ரூபாய் நாணயத்தை வைத்து விளக்கடியில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு டெவலப் பண்ணுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது.

தீர்ந்துபோன ஹைபோவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிலிமிலும் பேப்பரிலும் படமாக மாறாத வெள்ளியெல்லாம் அதில்தான் கரைந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கும் இடங்களுக்கும் பழைய ஹைபோ வாங்க ஆள் வருவார்களாம். நான் கேனில் சேர்த்து வைத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் ஊறப்போடுகிறேன். எவர்சில்வர் நார் ஆகாது. இரும்பு கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைச் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த உருக்குப் பட்டறையில் கொடுக்கிறேன். கொலுசுக்குப் பேர்போன ஊரில் அதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை.

மீதி இருந்த அந்த ரோலைக் கடைசியில் மார்கழியில் கழுவினேன். நாலு பாட்டிலும் 24, நாலையும் மூன்று தடவை அளந்தேன். முப்பத்தாறும் வந்திருந்தன. பத்தொன்பதாவது படம் அப்பா குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்வது. டெஸ்ட் ஸ்டிரிப் என்கிற சோதனைத் துண்டில் ஐந்து ஐந்து நொடியாகப் பார்த்து, பதினைந்து நொடி கொடுத்து, டிரேயில் விட்டேன். முதல் பத்துப் பன்னிரண்டு நொடி வெறும் வெள்ளைத் தாள். பிறகு குழியின் இருட்டு முதலில் வந்தது, அப்புறம் தறிச் சட்டத்தின் கறுப்பு, அப்பாவின் தலைமுடி, அதற்கும் பிறகு பாவு இழைகள் ஒவ்வொன்றாக, கடைசியில்தான் முகம். ஒரு நிமிடம்தான்.

விளக்கைப் போட்டு ஈரத்தோடு அப்பாவிடம் காட்டினேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தாளைச் சாய்த்து, பாவின்மேல் விரல் படாமல் ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, “இங்க ஒரு இழை விட்டிருக்கு பாரு” என்றார். தலைமுடியைவிட மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு, அரை அங்குல நீளம். நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசி. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கண்ணில் படாதது. நெகட்டிவைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன், கோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு எந்தப் பிரிண்டும் அப்பா பார்க்காமல் காயப்போடுவதில்லை. ஆடிக்காற்றில் தூசி அதிகம் என்பதால் அந்த மாதம் மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்கிறார், பென்சிலால் பின்பக்கம் சின்னதாகப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்.